எக்ஸ்பிரஸ் அடித்த கடைசிப் பத்தி

நீதிமன்றச் சுற்றுச்சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று உண்டு. அதில் பதினான்கு மேசைகள். மனு, பிரமாணப் பத்திரம், சம்மதக் கடிதம் என்று யாருக்கு எது வேண்டுமோ அதை டைப் அடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஆறாவது மேசை என்னுடையது, ஏழாவது அவளுடையது. வீட்டில் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருந்தது. ஆனால் வந்த முதல் வாரமே எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டாள். இருபது பக்க மனுவைக் கொடுத்துவிட்டு வக்கீல் டீ குடிக்கப் போவார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் தாள்கள் பின் குத்தித் தயாராக இருக்கும்.

எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருக்கட்டும். இந்தக் கதையைச் சொல்ல நீளமான வாய்தான் வேண்டும், ஏனென்றால் இதில் வருகிற ஆளுக்கு வாயே கிடையாது. எக்ஸ்பிரஸின் புருஷனைத்தான் சொல்கிறேன். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நான் அவனுக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன். அடித்தான், குடித்தான் என்று ஒருவரும் விரல் நீட்ட முடியாது. கோபம் வந்தால் பேச மாட்டான், அவ்வளவுதான். முதலில் ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம். கடைசியாக, அவனைக் கேட்காமல் அவள் வேறு மாநிலத்து ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதினாள் என்று தெரிந்ததும் பதினோரு மாதம் பேசவில்லை.

பேசவில்லை என்றால் சும்மா இருந்தான் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் பெரிய மகள் வழியாக வரும். நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் தட்டைப் பார்த்தபடி, "அம்மாகிட்ட சொல்லு, உப்பு கம்மியா இருக்கு" என்பான். அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பாள். பெரியவள் திரும்பி, "அம்மா, உப்பு கம்மியாம்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் சாப்பிடாமல் எழுந்துவிடுவான். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. பள்ளியிலிருந்து வந்து பையை வைப்பதற்குள் இரண்டு பேருடைய சேதியும் காத்துக்கொண்டிருக்கும்.

எக்ஸ்பிரஸ் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் மத்தியானம் என் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். சின்ன மகளுக்கு ஐந்து வயது. இரண்டு பொம்மையை முதுகோடு முதுகாக உட்கார வைத்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். நடுவில் ஒரு பென்சில். ஒரு பொம்மை பென்சிலிடம் ஏதோ சொல்கிறது, பென்சில் சுற்றிக்கொண்டு போய் அடுத்த பொம்மையிடம் சொல்கிறது. இது என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு, அப்பா அம்மா விளையாட்டு என்றாளாம்.

அன்றைக்குச் சாயங்காலமே விவாகரத்து மனுவை அவளே டைப் அடித்தாள். நான்தான் சரி பார்த்தேன்.

சரி பார்ப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. வெளியாட்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு விஷயம் புரியாது. நாங்கள் படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மனசுக்கு வேலை கிடையாது. படித்தால் வேகம் போய்விடும். படித்தால் சோறும் இறங்காது. எந்த மகன் தாயைத் தெருவில் தள்ளினான், யார் யாரை வெட்டினான் என்று நாள் முழுக்க நம் விரல் வழியாகத்தானே போகிறது. அதனால் கொட்டகையில் ஒரு வழக்கம். அடித்து முடித்ததும் பக்கத்து மேசைக்காரி தாளை வாங்கி, கட்சிக்காரர் காதில் விழும்படி முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை உரக்கப் படிப்பாள். அதன் பிறகுதான் கையெழுத்து. அவள் அடித்ததை நான் படிப்பேன், நான் அடித்ததை அவள் படிப்பாள். பதினோரு வருஷம் இப்படித்தான். எத்தனை பேருடைய வீடும் நிலமும் அந்தப் படிப்பில் தப்பியிருக்கிறது என்று கணக்கே கிடையாது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. பதிவேட்டுப் பிரிவில் நிரந்தர வேலை, குடியிருக்க ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை முழுக்கக் காட்டினாள். அவளுடைய வக்கீல் அம்மா மட்டும் கறாராகச் சொன்னார்: தீர்ப்பு வரும்வரை தகப்பன் எழுத்தில் சம்மதம் கொடுக்காமல் பிள்ளைகளை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. போனால் கடத்திக்கொண்டு போனாள் என்று வாதாடுவார்கள். வேலையைவிட அந்த ஒரு கையெழுத்துதான் அவளுக்கு உயிர். பிள்ளைகள் இல்லாமல் போவதற்கு அவள் எதற்குப் போக வேண்டும்?

கல்லுளிமங்கன் மறுப்பான் என்று பந்தயமே கட்டினேன். அவனோ இரண்டாம் நாள் பெரியவளிடம், "அம்மாகிட்ட சொல்லு, கையெழுத்துப் போடறேன்" என்றானாம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் சேர்த்துச் சந்தோஷம்.

அது நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாதம். எங்களுக்குத் தலையைச் சொறிய நேரமிருக்காது. பிரிந்து வாழ்கிற தாய் தகப்பன்மார் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகச் சம்மதக் கடிதம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். எல்லாக் கடிதமும் ஒன்றுதான்; பெயர், தேதி, ஊர் மட்டும் மாறும். அந்த மாதம் எக்ஸ்பிரஸ் மட்டும் இருநூறு அடித்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டே அடிப்பாள், பார்த்து அடிக்க மூலப் பிரதி என்று ஒன்று வேண்டியதே இல்லை.

அவளுடைய கடிதத்தையும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் அடித்தாள். புருஷன் ஒருபக்கம் நிற்கிறான், பிள்ளைகள் இரண்டும் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கின்றன, பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். நாலு நிமிஷத்தில் அடித்து முடித்து, தாளை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, ஒரு தடவை உரக்கப் படிச்சுடுங்க."

என் தலைமேல் ஒரு வக்கீல் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்குள் தாக்கல் செய்ய வேண்டிய மனு என்று குதித்துக்கொண்டிருந்தார்.

"உன் கை அடிச்சதை நான் வேற படிக்கணுமா? போடி, முதல்ல கையெழுத்தை வாங்கு, அவன் மனசு மாறிடப் போறான்" என்றேன்.

இதை நான்தான் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

தாளைப் படித்தது அவன் ஒருவன்தான். தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. நாள் முழுக்க அடுத்தவர்களைப் பொடி எழுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கிற ஆள் அல்லவா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறான் பார் என்று நான் எட்டாவது மேசைக்காரியிடம் கிண்டல் அடித்தேன். கையெழுத்துப் போட்டான். அவளும் போட்டாள். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, "அம்மாகிட்ட சொல்லு, இந்தக் கடிதத்தோட காப்பி ஒண்ணு எனக்கு வேணும்" என்றான்.

பெரியவள் எழுந்து வந்து சொன்னாள். எக்ஸ்பிரஸ் காப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் தலை மறைந்ததும் மகளை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"இதுதான் கடைசி. இனிமே நீ யாருக்கும் சேதி கொண்டுபோக வேணாம். நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வக்கீல் பார்த்துவிடப் போகிறார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

ஒரு பீரோ, இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள். இவ்வளவுதான் அவர்கள் கொண்டுபோனது. போய்ச் சேர்ந்த பிறகு தினமும் போன் வரும். அறைச் சுவரில் ஈரம் இருக்கிறது, குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வருகிறது, அந்த ஊர்ப் பேச்சு பாதி புரியவில்லை, ஆனால் பதிவேட்டுப் பிரிவில் மேலதிகாரி நல்ல மாதிரி. பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஒருநாள் பின்னாலிருந்து ஒரே கூச்சல் கேட்டது. என்ன ரகளை என்றேன்.

"ரெண்டும் அடிச்சுக்குதுங்க அக்கா. பெரியவ கத்தறா, சின்னவ பதிலுக்குக் கத்தறா. நேருக்கு நேரா நின்னு கத்தறாளுங்க. கேக்கவே நல்லா இருக்கு."

பிள்ளைகள் சண்டை போடுவதை இப்படிப் பூரித்துப்போய்ச் சொன்ன தாயை நான் பார்த்ததில்லை. நானும் காதில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சின்ன வக்கீல் பதினாலு பக்கம் கையால் எழுதிய மனுவை என் மேசையில் போட்டுவிட்டுப் போனான். வழக்கம்போல அடித்துக்கொண்டே போனேன். பெயர் வந்திருக்கும், ஊர் வந்திருக்கும், எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் இணைப்பாக ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. அதையும் மனுவுக்குள் எடுத்து எழுத வேண்டும். எங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கடிதம் முடிந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் மட்டும் மூன்று சின்னக் கோடு போடுவாள். அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் விரல் நின்றுவிட்டது.

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துப் படித்தேன். முதல் பத்தி சரியாகத்தான் இருந்தது: வேலை நிமித்தம் மனைவி வேறு மாநிலத்தில் பிள்ளைகளுடன் வசிக்கச் சம்மதிக்கிறேன். நடுப் பத்தியும் சரி. கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: "விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளைத் தந்தையின் வீட்டில் திரும்ப ஒப்படைப்பதாகத் தாயாகிய நான் இதன்மூலம் உறுதியளிக்கிறேன்." கீழே அவள் கையெழுத்து.

இருநூறு கடிதத்தில் இருந்த அதே பத்தி. மனசு எங்கேயோ இருந்திருக்கிறது, விரல் பாட்டுக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அவன் இரண்டு தடவை படித்துவிட்டு ஏன் அவ்வளவு சமர்த்தாகக் கையெழுத்துப் போட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனைத் திட்டினேன், அந்த நாளில் என் தலைமேல் நின்ற வக்கீலைத் திட்டினேன், கடைசியில் திட்ட என்னைத் தவிர ஆள் இல்லை.

பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு அவன் போட்ட அந்த மனுவை அடித்து முடித்துக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். நான் மாட்டேன் என்றால் எட்டாவது மேசையில் அடித்துக்கொள்வார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அவளுக்குப் போன் போட்டேன். கடைசிப் பத்தி என்றுதான் ஆரம்பித்தேன். அவள் கையில் தாள் இல்லாமலே, அந்தப் பத்தியை முதலிலிருந்து ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

"இதையா அக்கா அடிச்சு வெச்சேன்?"

ஆமாம் என்றேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஏன் படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விசாரணைக்கு அவள் பிள்ளைகளோடு வந்தாள். நானும் உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அது கைத்தவறு, வழக்கமான பத்தி பழக்கத்தில் விழுந்துவிட்டது என்று வக்கீல் அம்மா எவ்வளவோ சொன்னார். முதல் பத்திக்கும் கடைசிப் பத்திக்கும் முரண் இருக்கிறதே என்று காட்டினார். விடுமுறைக்கு அங்கே இருந்து பார்க்கத்தான் சம்மதித்தோம் என்று எதிர்ப்பக்க வக்கீல் சொன்னார். கல்லுளிமங்கன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அங்கேயும் அவனுக்காகப் பேச ஒரு ஆள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. அவர் கெட்டவராக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை அடிச்சது யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா."

"எத்தனை வருஷமா இந்த வேலை செய்யறீங்க?"

"பதினோரு வருஷம்."

"உங்க கொட்டகையில அடிச்சு வர்ற தாளை நம்பித்தான் நான் தினமும் உத்தரவு போடறேன். நீங்களே அடிச்சு, நீங்களே கையெழுத்தும் போட்டுட்டு, என்ன அடிச்சேன்னு தெரியாதுன்னு சொன்னா எப்படி?"

அடிக்கும்போது நாங்கள் படிப்பதே இல்லை என்று நான் எழுந்து நின்று சொல்லலாம். சொன்னால் பதினான்கு மேசைக்கும் அன்றே பூட்டு. நான் எழுந்திருக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை பிள்ளைகள் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும், தாய் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் நீதிமன்றச் சந்திப்பு அறையில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று.

வராந்தாவில்தான் அது நடந்தது. எக்ஸ்பிரஸ் குனிந்து சின்னவளின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். கல்லுளிமங்கன் பையிலிருந்து அந்தக் காப்பியை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் பெரியவள் கையில் கொடுத்தான். அவள் நின்ற இடத்திலேயே படித்தாள். பன்னிரண்டு வயதாகிவிட்டது, நன்றாகப் படிப்பாள்.

"முதல்லயே எங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடறதாத்தான் எழுதிக் கொடுத்திருக்கியாம்மா?"

"இல்லடா கண்ணு. அம்மா அதைப் படிக்கல."

"நீதானே டைப் அடிச்சே?"

"நான்தான். ஆனா படிக்கல."

"படிக்காம எப்படிம்மா அடிக்க முடியும்?"

எக்ஸ்பிரஸ் என்னைப் பார்த்தாள். நான் முன்னால் போய், எங்கள் வேலை அப்படி, விரல்தான் அடிக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். எனக்கே நான் சொல்வது பொய் மாதிரிக் கேட்டது. பெரியவள் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எக்ஸ்பிரஸ் ஆஸ்பத்திரி வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து மாதம் இரண்டு சனிக்கிழமை எப்படி வருவது? ஏழாவது மேசைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது. பதினாலாவது மேசை, கழிப்பறைப் பக்கம், அவளுக்குக் கிடைத்தது. இப்போது ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் அடிக்கிறாள். அடித்த பிறகு மறுபடி படிக்கிறாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. வக்கீல்கள் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் எக்ஸ்பிரஸ் என்றே இருக்கிறது. புதிதாக வந்த பொடியன் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தான், அவனை நான் விட்ட டோஸில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை.

போன சனிக்கிழமை சந்திப்பு அறைக்கு என்னையும் கூப்பிட்டாள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் முயல் படம், ஒரு கை போன பொம்மை, கையெழுத்து வாங்க ஒரு ஊழியர் அம்மா. சின்னவள் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டாள். பெரியவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். எக்ஸ்பிரஸ் அவளுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கி வந்திருந்தாள். பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். பள்ளியில் யாரோடு உட்காருகிறாய் என்று கேட்டாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நேரம் முடிகிற சமயத்தில் பெரியவள் ஜன்னலைப் பார்த்தபடியே தங்கையிடம் பேசினாள்.

"அம்மாகிட்ட சொல்லு. அடுத்த தடவை எனக்குப் பரீட்சை. நான் வர மாட்டேன்."

சின்னவள் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, அக்காவுக்கு அடுத்த தடவை பரீட்சையாம். வர மாட்டாளாம்."

நான் எக்ஸ்பிரஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது எழுந்து போய் அந்த நாற்காலியைத் தன் பக்கம் திருப்புவாள், கத்துவாள், ஓர் அறைகூட விடுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் சின்னவளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அக்காகிட்ட சொல்லு" என்றாள், "நல்லா எழுதச் சொல்லு."

சின்னவள் மடியிலிருந்து இறங்கி ஜன்னல் பக்கம் போனாள்.